போர்டு மாற்றுகிற தம்பி, தங்கைகளுக்கு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது விண்டோஸ் போடுவதைத்தான். பென்டிரைவைச் சொருகி ‘நெக்ஸ்ட்’ ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. அதோடு வேலை தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது. பிறகு ஒருநாள் மதர்போர்டு போன கம்ப்யூட்டர் ஒன்று வரும். போர்டை மாற்றி, ஃபார்மட் அடித்து, விண்டோஸும் ஏற்றி முடித்தபின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற சாம்பல் நிற எழுத்து எட்டிப் பார்க்கும். கஸ்டமரோ, “எனக்கு ஒரிஜினல் விண்டோஸ்தானே இருந்தது?” என்று கேட்பார். பதில் சொல்ல வழியிருக்காது. வழி இருந்த நேரம், பழைய போர்டின் ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன்னால் கடந்துபோயிருக்கும்.

ரிச்சி தெருவில் இருந்தாலும் சரி, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் சின்னக் கடை வைத்திருந்தாலும் சரி, இந்த வேலையில் பாதிக்கு மேல் கழற்றுவதற்கு முன்னால்தான் இருக்கிறது. அதனால் கீழே உள்ளவற்றில் முன்வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் ஜாப் கார்டு, அப்புறம்தான் ஸ்குரூடிரைவர்.

கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் உயிரோடு வந்தால், அதாவது ஆன் ஆகி நடுவில் அணைந்துபோகிறது, யுஎஸ்பி போர்ட் மட்டும் போய்விட்டது என்ற நிலையில் வந்தால், அது உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். எடிஷன் ஹோமா, ஹோம் சிங்கிள் லேங்குவேஜா, ப்ரோவா என்று எழுதுங்கள். நம் நாட்டில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் சிங்கிள் லேங்குவேஜ்தான் வரும். அந்த இரண்டு வார்த்தையைக் கவனிக்காமல் விட்டதால் பின்னால் ஆக்டிவேட் ஆகாமல் நின்ற மெஷின்கள் ஏராளம்.

அடுத்து அதே பக்கத்தில், டிஜிட்டல் லைசென்ஸ் என்று மட்டும் இருக்கிறதா, அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். இணைக்கப்படவில்லை என்றால் கஸ்டமரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய சொந்த அக்கவுண்ட்டில் அப்போதே சைன் இன் செய்யச் சொல்லுங்கள். இந்த வசதி 2016இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து இருக்கிறது. ஐந்து நிமிட வேலைதான். போர்டு மாறிய பிறகு லைசென்ஸைத் திரும்பக் கேட்பதற்கு உங்களிடம் உள்ள முக்கியமான சாட்சி இந்த இணைப்புதான்.

2. லைசென்ஸ் எந்த வகை என்று தெரியாமல் விலை சொல்லாதீர்கள்.

மூன்று வகை இருக்கிறது. கடையில் பெட்டியாகவோ ஆன்லைனிலோ தனியாக வாங்கியது ரீடெயில். லேப்டாப்போடு, அல்லது அசெம்பிள் செய்த சிஸ்டத்தோடு வந்தது ஓஇஎம். கல்லூரி, வங்கி, பெரிய கம்பெனிகளில் மொத்தமாக எடுப்பது வால்யூம்.

ரீடெயில் லைசென்ஸை ஒரு மெஷினிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். பழையதில் ஓடக்கூடாது, அவ்வளவுதான். ஓஇஎம் அப்படியல்ல. அது முதலில் ஏறிய மெஷினோடு பிறந்து அந்த மெஷினோடு முடிகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் மெஷின் என்றால் மதர்போர்டு. கேபினெட், ராம், ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு எதை மாற்றினாலும் அது அதே கம்ப்யூட்டர்தான். வேகம் போதாது என்று போர்டை மாற்றினால் அது புதுக் கம்ப்யூட்டர்; பழைய ஓஇஎம் லைசென்ஸ் அங்கே செல்லாது. பழுதான போர்டுக்குப் பதிலாக வேறு போர்டு போடுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த வித்தியாசத்தைக் கஸ்டமரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். “போர்டு நாலாயிரம், அதோடு விண்டோஸ் லைசென்ஸ் புதிதாக வாங்க வேண்டியிருக்கலாம்” என்று முதல் நாளே கேட்டவர் கோபப்பட மாட்டார். டெலிவரி நேரத்தில் கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

எந்த வகை என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் ரீடெயில், ஓஇஎம்-டிஎம், வால்யூம் என்று ஏதாவது ஒரு சேனல் பெயர் இருக்கும். கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் இருக்கும். அந்த ஐந்து எழுத்தும் 3வி66டி என்றோ 8ஹெச்விஎக்ஸ்7 என்றோ இருந்தால் அது உலகம் முழுக்க எண்ணற்ற மெஷின்களில் இருக்கும் பொதுக் கீ. முதலாவது ப்ரோவுக்கு, இரண்டாவது ஹோமுக்கு. அதைக் குறித்துவைத்துப் பயனில்லை. அந்தக் கம்ப்யூட்டரின் உண்மையான உரிமை மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கிறது.

ஒரு வீட்டு மெஷினில் வால்யூம் கேஎம்எஸ் என்று வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். கேஎம்எஸ் என்பது ஒரு நிறுவனத்தின் உள்ளே இருக்கும் சர்வரைக் கேட்டு 180 நாளைக்கு ஒப்புதல் வாங்கி, அதைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும் முறை. தையல் கடைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதற்கு வேலையில்லை. யாரோ கிராக் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையும் ஜாப் கார்டில் எழுதி, கஸ்டமரிடம் பதமாகச் சொல்லிவிடுங்கள். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

3. ஆக்டிவேஷன் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டு விண்டோஸுக்கு இந்த நடைமுறை பரவலாக வந்தது. அன்றைக்கு டிஸ்ப்ளே கார்டு, நெட்வொர்க் கார்டு, ராம் அளவு, பிராசசர், ஹார்ட் டிஸ்க் என்று பத்து விவரங்களைச் சேர்த்து ஓர் அடையாளம் உருவாக்கினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான். ரேஷன் கடையில் குடும்ப அட்டையை நீட்டினால் மட்டும் போதாது, கைரேகையும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? கீ என்பது அட்டை. பாகங்களிலிருந்து கணக்கிட்ட அடையாளம் கைரேகை. விண்டோஸ் 10 முதல் கைரேகையே பிரதானமாகிவிட்டது. ஒருமுறை ஆக்டிவேட் ஆன மெஷினில் எஸ்எஸ்டி மாற்றி, கீ எதுவும் கொடுக்காமல் அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆவது இதனால்தான். போர்டு மாறும்போது ரேகையே மாறிவிடுகிறது.

4. பிட்லாக்கரைப் பற்றிக் கேட்காமல் எந்த லேப்டாப்பையும் திறக்காதீர்கள்.

லைசென்ஸ் போனால் பணத்தால் சரி செய்யலாம். இதில் தவறினால் எதைக் கொண்டும் சரி செய்ய முடியாது. ஆகையால் இதை நின்று படியுங்கள்.

இப்போது வரும் லேப்டாப் பலவற்றில் டிஸ்க் முழுக்க பிட்லாக்கரால் பூட்டப்பட்டே இருக்கிறது. கஸ்டமர் எந்தப் பட்டனையும் அழுத்தியிருக்க மாட்டார். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் சைன் இன் செய்தவுடன் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே ஓடத் தொடங்கியிருக்கும். ஹோம் எடிஷனிலும் இது உண்டு. விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாகப் போடும்போது இன்னும் அதிகமான மெஷின்களில் இது இயங்கத் தொடங்குகிறது. அந்தப் பூட்டின் சாவி போர்டில் உள்ள டிபிஎம்மில் இருக்கிறது. போர்டைக் கழற்றிய நிமிடமே சாவி போய்விடுகிறது. புதிய போர்டில் அதே எஸ்எஸ்டியை மாட்டினால் நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். பயாஸ் அப்டேட் செய்தால், டிபிஎம்மைக் கிளியர் செய்தால்கூடக் கேட்கும்.

அந்த 48 இலக்கம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோ, பிள்ளையின் பிராஜெக்ட் ரிப்போர்ட், கடைக் கணக்கு எதுவும் வராது. டேட்டா ரெகவரி சாஃப்ட்வேரும் பலிக்காது, டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டிப் பார்ப்பதும் பலிக்காது. ஆகவே மெஷின் ஆன் ஆகும் நிலையில் இருந்தால், பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் நிலையைப் பாருங்கள். பூட்டு இருந்தால் ரெகவரி கீயை எடுத்துக் கஸ்டமரிடம் கொடுங்கள். பிறகு பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம், இல்லையேல் முழுவதும் அவிழ்த்துவிடலாம். போர்டு மாற்றும் வேலைக்கு முழுவதும் அவிழ்ப்பதையே நான் விரும்புகிறேன். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மெஷின் அடியோடு டெட் ஆகி வந்தால் கஸ்டமரின் போனிலேயே அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். டிவைஸ்கள் பட்டியலில் ரெகவரி கீ இருக்கும். பல கீகள் இருந்தால், நீலத் திரையில் காட்டும் கீ ஐடியோடு ஒப்பிட்டு எது நம்முடையது என்று கண்டுபிடிக்கலாம். அலுவலக லேப்டாப் என்றால் கீ அந்த அலுவலக ஐடி பிரிவில் இருக்கும்; அவர்களைக் கேட்காமல் அந்த மெஷினில் கை வைக்கக்கூடாது. கீ கிடைக்கும்வரை ஃபார்மட் என்ற பேச்சே வேண்டாம். பூட்டிய டிஸ்க்கைக் கஸ்டமரிடம் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டுக் கொடுங்கள். மறந்துபோன மெயில் ஐடி ஆறு மாதம் கழித்து நினைவுக்கு வந்து, டேட்டா முழுதாகத் திரும்பியவர்கள் உண்டு. ஃபார்மட் அடித்திருந்தால் அது நடந்திருக்காது.

5. பேக்கப் என்றால் மை டாக்குமெண்ட்ஸ் மட்டும் அல்ல.

டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் காப்பி எடுத்ததும் பேக்கப் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்தக் கம்ப்யூட்டரை வைத்து இவர் என்ன தொழில் செய்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

டிடிபி சென்டர் என்றால் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுங்கள். பாமினியிலும் வானவில்லிலும் இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள், கோயில் நோட்டீஸ்கள், கண்ணீர் அஞ்சலிகள் கிடக்கும். அந்த எழுத்துரு போனால் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். என்ஹெச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ வைத்திருந்தால் எந்த விசைப்பலகை முறையில் அடிக்கிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்99இல் பழகிய கைக்கு ஃபொனெட்டிக் போட்டுக் கொடுத்தால் அன்றைய வேலை அவருக்கு முடங்கிவிடும்.

கடைக் கணக்கு என்றால் டேலி. அதன் லைசென்ஸும் அந்த மெஷினோடு கட்டுண்டது. மெஷின் ஓடும் நிலையில் இருந்தால் போர்டைக் கழற்றும் முன் டேலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். புதிய போர்டு ஓடிய பிறகு திரும்ப ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். கம்பெனி டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதையும் டேலியிலேயே பார்த்துக் குறியுங்கள். பல கடைகளில் அது சி டிரைவில்தான் இருக்கும். ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் எது என்று பாருங்கள். கைரேகைக் கருவி வைத்திருக்கும் சேவை மையம் என்றால் அந்தக் கருவியின் சாஃப்ட்வேரையும் பதிவு விவரத்தையும் கேட்டு வையுங்கள்.

அவுட்லுக் வைத்திருப்பவரின் மெயில் பிஎஸ்டி கோப்பில் இருக்கலாம். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை அவரே தன் அக்கவுண்ட்டில் சிங்க் செய்யட்டும். லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆபீஸ் எந்த மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அதே ஐடியில் சைன் இன் செய்தால்தான் அது திரும்ப வரும்.

எடுத்த பேக்கப்பில் நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்க்க வேண்டும். சைஸ் ஒத்துப்போவது மட்டும் போதாது.

6. ஃபார்மட் கடைசி மருந்து.

போர்டு மாற்றினால் ஃபார்மட் அடித்தே ஆகவேண்டும் என்பது எக்ஸ்பி காலத்துப் பழக்கம். விண்டோஸ் 10, 11 இரண்டும் புதிய போர்டில் பெரும்பாலும் அப்படியே பூட் ஆகிவிடும். முதல் தடவை ‘கெட்டிங் டிவைசஸ் ரெடி’ என்று கொஞ்ச நேரம் யோசிக்கும், விட்டுவிடுங்கள். வந்த பிறகு சிப்செட் டிரைவர், லேன், கிராஃபிக்ஸ் என்று வரிசையாகப் போட்டால் போதும். கஸ்டமரின் புரோகிராம் எல்லாம் அப்படியே இருக்கும். ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத் திரை வந்தால் உடனே ஃபார்மட்டுக்குப் போகாதீர்கள். பழைய போர்டில் சாட்டா மோட் ரெய்டில் இருந்ததா, ஏஹெச்சிஐயில் இருந்ததா என்று யோசித்து பயாஸில் மாற்றிப் பாருங்கள். பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் இருந்து புதிய போர்டு யூஇஎஃப்ஐ மட்டுமே ஏற்றால், விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி டேட்டாவைத் தொடாமல் மாற்றித் தரும். பேக்கப் எடுத்த பிறகுதான் அதையும் ஓட்ட வேண்டும்.

7. சிஎம்ஓஎஸ் பேட்டரியை மறக்காதீர்கள்.

புதிய போர்டில் அந்தப் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி தவறாக இருக்கும். தேதி தவறாக இருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது, ஆக்டிவேஷனும் நடக்காது. முதலில் கடிகாரம், பிறகு மற்றது. டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் பயாஸில் ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

8. எந்தப் போர்டு வாங்குவது என்பதிலும் விண்டோஸ் இருக்கிறது.

டெஸ்க்டாப்புக்கு ஹெச்61, ஹெச்81 என்று பழைய சிப்செட்டில் புதிதாகச் செய்த போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. பழைய பிராசசரையும் ராமையும் அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்பதால் கஸ்டமருக்கும் பிடிக்கும். தப்பில்லை. ஆனால் அவை இன்டெலின் இரண்டு முதல் நான்காம் தலைமுறை பிராசசர்களுக்கானவை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் முடிந்துவிட்டன. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர்வரை நீட்டிப்பு இருக்கிறது. இந்த விவரத்தைச் சொல்லிவிட்டு முடிவைக் கஸ்டமரிடம் விடுங்கள். பில்லிங் போடவும் பிள்ளைகள் டைப் அடிக்கவும் மட்டும் என்றால் அந்தப் பழைய மெஷினில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ நன்றாக ஓடும். நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. அங்கே ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. டேலியும் டோக்கன் டிரைவரும் தேவைப்படுகிறவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்காதீர்கள்.

9. சிப் லெவல் வேலை செய்கிறவர்கள் பயாஸை எழுதும் முன் படித்து வையுங்கள்.

விண்டோஸ் 8 முதல் லேப்டாப்களில் கீ ஸ்டிக்கரில் இல்லை. பயாஸ் சிப்புக்குள் எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் இருக்கிறது. விண்டோஸ் போடும்போது செட்டப் அதைப் படித்துத் தானே எடிஷனைத் தேர்ந்துகொள்கிறது. டிஸ்ப்ளே வரவில்லை என்று ஒரு லேப்டாப் வந்ததும், எங்கிருந்தோ இறக்கிய பயாஸ் ஃபைலை சிஹெச்341ஏ புரோகிராமரில் போட்டு எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. டிஸ்ப்ளே வந்துவிடும், உண்மை. ஆனால் அந்த மெஷினின் கீயும் சீரியல் நம்பரும் அழிந்து, யாரோ ஒருவரின் கீயும் சீரியல் நம்பரும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வாரண்ட்டி இருந்தால் அதற்கும் சிக்கல்.

எழுதும் முன் பழைய சிப்பைப் படியுங்கள். ஒருமுறை படித்தது போதாது. இரண்டுமுறை படித்து இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கிளிப் சரியாக அமரவில்லை என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வரும். 1.8 வோல்ட் சிப்புக்கு அடாப்டர் இல்லாமல் கிளிப் போடாதீர்கள். படித்த ஃபைலை ஜாப் நம்பர் போட்டுச் சேமியுங்கள். பல மாடல்களில் அந்த ஃபைலுக்குள்ளேயே கீ தெளிவாகத் தெரியும். பழுதான போர்டை அதே மாடல், அதே ரிவிஷன் போர்டால் மாற்றுகிறீர்கள் என்றால் அந்த மெஷினின் அடையாளத்தை அதற்கே திருப்பிக் கொடுக்க இந்த ஃபைல்தான் உதவும். வேறொரு மெஷினுக்கு அந்தக் கீயை ஏற்றுவது அடுத்தவர் சொத்தை எடுப்பது. அதைச் செய்யவே கூடாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றுகிற கஸ்டமருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்: சீரியல் நம்பரும் விண்டோஸ் கீயும் புதிய போர்டில் ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று டெலிவரி எடுக்கும் இடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

10. புதிதாகப் போடத்தான் வேண்டும் என்றால்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். கடைக்குக் கடை சுற்றிவரும் ‘லைட்’, ‘ப்ரீ-ஆக்டிவேட்டட்’ பென்டிரைவ்களைக் கையால் தொடாதீர்கள்.

விண்டோஸ் ஏறவேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டுத்தான் செட்டப்பை ஆரம்பிக்க வேண்டும். திரையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று மட்டும்தான் வரும். களைத்த கண்ணுக்கு அதில் எது கஸ்டமரின் டேட்டா என்று தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு: பூட் பகுதி பழைய ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டால், நாளைக்கு அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்தவுடன் விண்டோஸும் எழாது.

பதினொன்றாம் தலைமுறை முதல் வந்த இன்டெல் லேப்டாப் சிலவற்றில் டிஸ்க்கே தெரியாது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். விஎம்டி ஆன் ஆகியிருக்கும். இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை பென்டிரைவில் வைத்து லோட் செய்தால் தெரியும். வைஃபை டிரைவர் இல்லாமல் விண்டோஸ் 11 செட்டப் இன்டர்நெட் கேட்டு நின்றால், போனை யுஎஸ்பியில் இணைத்து டெதரிங் போடுங்கள்.

கீ கேட்கும் இடத்தில் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்து, ஜாப் கார்டில் எழுதிய அதே எடிஷனைப் போடுங்கள். சிங்கிள் லேங்குவேஜ் இருந்த மெஷினில் “ப்ரோ நல்லாயிருக்கும்” என்று ப்ரோ போடுவது உதவி அல்ல. அவருடைய லைசென்ஸ் ப்ரோவைத் திறக்காது.

11. ஆக்டிவேட் ஆகவில்லையா, எரர் கோடைப் படியுங்கள்.

0எக்ஸ்சி004எஃப்211 என்றால் ஹார்ட்வேர் மாறியிருக்கிறது என்று விண்டோஸே சொல்கிறது. ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் கொடுத்து, சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன் என்பதைத் தேர்ந்து, கஸ்டமர் தன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால் அவருடைய பழைய மெஷின்களின் பட்டியல் வரும். இப்போது பயன்படுத்தும் மெஷின் இதுதான் என்று டிக் செய்து ஆக்டிவேட் கொடுங்கள். முதல் வேலையாகச் செய்த அக்கவுண்ட் இணைப்பு இங்கேதான் கைகொடுக்கும். பட்டியலில் பல பெயர்கள் இருக்கும் என்பதால் பழைய மெஷினின் பெயரையும் அன்றே எழுதியிருக்க வேண்டும். ரீடெயிலுக்கு இது நன்றாக நடக்கும். ஓஇஎம்முக்குப் பல நேரம் மறுக்கும். அப்போது பழுதுக்காகப் போர்டு மாற்றிய பில்லை வைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் உதவிப் பிரிவிடமோ மெஷின் செய்த கம்பெனியிடமோ பேச வேண்டும். 0எக்ஸ்சி004எஃப்213 என்றால் போர்டில் கீயே இல்லை. 0எக்ஸ்சி004சி003 என்றால் கீ தடுக்கப்பட்டது. மலிவு விலைக் கீ வாங்கியவர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

விண்டோஸ் 7 கால ஸ்டிக்கர் கீயை விண்டோஸ் 10இல் அடித்து ஆக்டிவேட் செய்யும் வழி 2023இல் மூடப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லித்தருகிறவர்களின் பேச்சைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஏற்கெனவே அப்படி ஆக்டிவேட் ஆகி டிஜிட்டல் லைசென்ஸ் பெற்ற மெஷின்களுக்கு மட்டும் பாதிப்பில்லை.

12. கிராக் போடாதீர்கள்.

பக்கத்துக் கடையில் போடுகிறார்கள், கஸ்டமரே கேட்கிறார், புதிய லைசென்ஸ் போர்டு விலைக்கு மேல் போகிறது. இந்த மூன்றையும் நீங்கள் தினமும் கேட்பீர்கள். அப்போது யோசிக்க வேண்டியது ஒன்றுதான். கிராக் டூலை ஓட்டுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. அட்மின் உரிமையைக் கேட்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் நாளைக் காலை அவர் நெட் பேங்கிங் செய்யப்போகிறார். உங்களை நம்பிக் கொடுத்த மெஷினில், காவலை நிறுத்திவிட்டு அந்நியனை உள்ளே விடுகிறீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது.

பணம் இல்லாத கஸ்டமருக்கு நேர்மையான வழியும் உண்டு. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸும் ஓடும்; பாதுகாப்பு அப்டேட்களும் வரும். வால்பேப்பர் மாற்ற முடியாது, மூலையில் எழுத்து நிற்கும். இது உரிமம் பெற்றதாகாது, இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் கூடாது. அடுத்த மாதம் வாங்குகிறேன் என்பவர் அதுவரை சமாளிக்கலாம். வாங்கவே இயலாதவருக்கு லினக்ஸ். இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லும் பொறுமை உங்களுக்கு வேண்டும்.

13. கஸ்டமரின் அக்கவுண்ட் கஸ்டமருடையது.

அவசரத்துக்கு உங்கள் கடை மெயில் ஐடியில் சைன் இன் செய்து கொடுத்துவிடாதீர்கள். லைசென்ஸும் பிட்லாக்கர் கீயும் உங்கள் பெயரில் போய்ச் சேரும். நாளைக்கு நீங்கள் கடை மாறினால் அவர் எங்கே போவார்? மெயில் ஐடி இல்லாதவர் என்றால் அவர் போன் நம்பரிலேயே அக்கவுண்ட் ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொல்லி, நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். வயதானவர்கள், குறிப்பாகப் பெண்கள், உங்களிடமே பாஸ்வேர்டைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். “அம்மா, இதை வீட்டில் எழுதி வையுங்கள், என்னிடம் வேண்டாம்” என்று சொல்லுங்கள்.

பேக்கப்புக்காகக் கடை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய டேட்டாவைத் திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை. சரிபார்க்கத் திறக்கும் நாலைந்து கோப்புகளைக்கூட அவர் எதிரிலேயே, அவர் காட்டுவதை மட்டும் திறங்கள். டெலிவரி முடிந்து அவர் எல்லாம் சரி என்று சொன்னதும், அவருக்குத் தெரிவித்துவிட்டு அழித்துவிடுங்கள். கடைப் பையன்களுக்கும் இதைக் கட்டாயமாக்குங்கள்.

14. பில்லின் பின்பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள்.

என்ன எடிஷன், எந்த வகை லைசென்ஸ், ஆக்டிவேட் ஆகிவிட்டதா இல்லையா, எந்த மெயில் ஐடியோடு இணைந்திருக்கிறது, பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா, பழைய போர்டைத் திருப்பிக் கொடுத்தீர்களா, என்ன தேதி. பாஸ்வேர்டு மட்டும் எழுத வேண்டாம். ஆக்டிவேட் ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதி உங்கள் கடையிலும் இருக்கட்டும். மூன்று வருடம் கழித்து அந்த மெஷின் வேறு ஊரில், வேறு யாரோ ஒரு தம்பியின் மேசைக்குப் போகும். அவனுக்கு அந்தத் தாள் கிடைக்கும்படி செய்துவிட்டுப் போங்கள்.